தறிகள் நின்ற அரை மணி நேரம்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நான் அப்போது சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஐந்து பேரை அழைத்துக்கொண்டு பத்து மணிக்குத் தெருவுக்குள் நுழைவதாக மகள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்நேரம் முதல் தறிக்கூடத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த நொடி சத்தம் நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சங்கரன்கோவிலில் தறித் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் கேட்பதில்லை. நின்றால்தான் காது விழித்துக்கொள்ளும். கரண்ட் போனால் நிற்கும். இல்லையென்றால் தெருவில் யாராவது இறந்துவிட்டால் நிற்கும். ஆள் போய்ச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கூடமாக அடங்கும். கல்யாணமாகி நான் இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இந்த இரண்டையும் தவிர மூன்றாவது காரணம் எதையும் நான் பார்த்ததில்லை. விசிறி ஓடுகிறது. அப்படியானால் யாரோ இறந்திருக்க வேண்டும். ஆனால் சாவு என்றால் ஒவ்வொன்றாகத்தானே நிற்கும்? ஒன்றாக நின்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

மகளுக்கு போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை; அன்று விடுமுறை. இத்தனை வருடத்தில் நைட்டியோடு வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. தறியில் துப்பட்டா சிக்கிக்கொண்டதோ என்பதுதான் மனதில் முதலில் வந்தது. மகள் துப்பட்டாவே போடுவதில்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. உடனே, வந்தவர்களில் யாராவது போட்டிருப்பார்களே, அதை எடுத்துவிடப் போய் இவள் கையைக் கொடுத்திருப்பாளே என்று தோன்றியது. பயந்தவளின் மனம் எப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கிறது என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

மகள் செய்வது என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் அதைச் சொல்வதில்தான் எனக்கு எப்போதும் தடுமாற்றம். சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். போன வருடம் அதை விட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு சமூக நிறுவனம் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"ஏட்டி, இது வேலையா, சேவையா, வியாபாரமா?" என்று கேட்டேன்.

"மூணும் கொஞ்சம் கொஞ்சம்தாம்மா."

"மூணும் கொஞ்சம் கொஞ்சம்னா ஒண்ணும் முழுசா இல்லன்னுல்லா அர்த்தம்?"

பிறகொரு நாள் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "கோயிலுக்கு எவ்வளவு பேரு வாராவ. பிரசாதம்னு புத்துமண் வாங்குதாவ, பிரியாணி சாப்பிடுதாவ, பஸ் ஏறிருதாவ. கோபுரத்துக்குப் பின்னால ஒரு ஊர் இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?" வெளியூர்க்காரர்களைச் சிறு குழுவாக அழைத்து வந்து பூச்சந்தை, பழைய வீடுகள், தறித் தெரு எல்லாம் நடந்தே காட்டுவது, மதியம் தெருவில் ஒரு வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு. ஆறு வீடுகள் முறை வைத்துச் சமைக்கின்றன. வருவதில் சமைத்த வீட்டுக்கு ஒரு பங்கு, இவளுக்கு ஒரு பங்கு. மீதம் தெருவுக்கு. அதை என்ன செய்வதென்று தெருப் பெண்கள் கூடி முடிவு செய்ய வேண்டும்.

இரும்புத் தறியில் என்ன பாரம்பரியம் இருக்கிறது என்றும் கேட்டேன். அந்தச் சத்தத்தில் நாள் முழுவதும் நிற்கும் பெண்கள் உதட்டையும் விரலையும் வைத்தே பேசிக்கொள்கிறார்கள், மாமியாரைத் திட்டுவதற்குக்கூடத் தனிச் சைகை வைத்திருக்கிறார்கள், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். சிவகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன செய்யுது?" என்றபோது, அவளுடைய அப்பா "ஊர் சுத்திக் காட்டுது" என்று சொல்லிவிட்டார். அவர்கள் மறுபடி வரவில்லை.

இப்படி நான்கு குழுக்கள் வந்து போயிருந்தன. தெருவின் பங்கில் என்ன செய்யலாம் என்று பெண்கள் கூடிய முதல் நாள் நானும் போயிருந்தேன். விளக்கு, பெஞ்சு என்று நான் எதிர்பார்த்தேன். தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கழிப்பறை வேண்டும் என்றார்கள். காலையில் வந்து நின்றால் வீட்டுக்குப் போகும்வரை ஒரு டீயைத் தவிரத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். பன்னிரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். எனக்கு அது தெரியாது. அன்று வீட்டுக்கு வந்த பிறகும், மகள் செய்வதால் இந்தத் தெருவுக்கு நல்லது நடக்கிறதா, அல்லது இத்தனை வருடம் நாங்கள் பார்க்காமல் இருந்ததைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரவேண்டியிருந்ததா என்று குழம்பிக்கொண்டே இருந்தேன். கழிப்பறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. மேலே ஓடும் போட்டாயிற்று. கதவு மட்டும் பாக்கி.

அன்று வந்த ஐந்து பேர் சாதாரணப் பயணிகள் அல்ல. சிறு ஊர்களுக்கு ஆட்களை அனுப்பும் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பிடித்தால் மாதாமாதம் குழு வரும். பிடிக்காவிட்டால் மகள் மாதக் கடைசியில் சென்னைக்கே திரும்பிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். பழைய கம்பெனியில் கேட்டும் வைத்திருந்தாள். அவள் திரும்பிப் போகவேண்டும் என்று ஒரு வருடமாக வேண்டிக்கொண்டவள் நான்தான். ஆனால் அன்று காலை அவள் கண்ணாடி முன்னால் நின்று கரகரத்த குரலில் "வணக்கம், வாங்க" என்று சொல்லிப் பார்த்தபோது, அவள் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. எது என் உண்மையான ஆசை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கூடத்தின் முன்னால் கூட்டமாக இருந்தது. அதன் நடுவில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கை, கால், முகம் எல்லாம் சரியாக இருந்தது. போன் அவள் தோள்பையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது; இன்னும் நான்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு?" என்று கேட்டேன். "யாரு போயிட்டா?"

முன்னால் நின்ற தறிக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். "யாரும் போவல டீச்சர். எல்லாரும் இங்கனதான நிக்கோம். நீங்க என்ன இந்தக் கோலத்துல?"

"தறி நின்னுட்டே..."

கூடத்தின் சொந்தக்காரர் அண்ணாச்சி முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். முகமெல்லாம் பெருமை. "நாங்கதான் டீச்சர் நிப்பாட்டுனோம். நம்ம கூடம் மட்டுமில்ல, பத்து கூடத்துக்கும் சொல்லி ஒரே நேரத்துல சுவிட்ச அமத்துனோம். எப்படி?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"என்ன எதுக்குங்கிய? நீங்கதான நேத்து பால் வாங்கையில சொன்னிய?"

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் பால் கடையில் இந்தப் பெண்ணும் அண்ணாச்சியும் நின்றார்கள். 'பிள்ளைக்குத் தொண்டை கட்டிப்போச்சு, தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி. நாளைக்கு ஒரு அரை மணி நேரம் இந்தச் சத்தம் இல்லாம இருந்தா பொழச்சுக்கிடுவா' என்று புலம்பினேன். மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்பதுபோலச் சொன்னதுதான். பால் பாக்கெட்டை வாங்கியதுமே மறந்தும்விட்டேன்.

"வீட்டுக்கு விருந்தாள் வந்தா டிவிய அமத்துதோம்லா, அது மாதிரிதான்" என்றாள் தறிக்காரப் பெண்.

இவர்களுக்குச் சேலைக் கணக்கில்தான் கூலி. நின்ற அரை மணி நேரம் யாருக்கும் திரும்ப வராது. அது தெரிந்தே நிறுத்தியிருக்கிறார்கள்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த கூட்டத்தின் இரைச்சலில் நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பி, "ம், பேசும்மா" என்று கையை விரித்தார். அந்த இடத்தில் அவள் காட்டவிருந்ததே சத்தத்தைத்தான். சத்தத்துக்குள் விரலால் பேசும் பெண்களைத்தான். இப்போது பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று வாயால் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடம் தறிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு மெல்லப் பேச வராது. அந்த அமைதியில் அது தெருச்சண்டை போலக் கேட்டது.

"ஏளா, அந்தச் சிவப்புச் சட்ட போட்டவருக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஒனக்கெதுக்குட்டி அது?"

"சும்மா கேட்டா என்னவாம்? நம்மள மட்டும் எத்தன பிள்ளன்னு கேக்காவ?"

ஐந்து பேரும் சுவரை ஒட்டி நின்றார்கள். எடுத்த கேமராவை ஒருவர் பைக்குள் வைத்துவிட்டார். அவர்களில் மூத்தவரான, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள், என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "நீங்க அவங்க அம்மாவா? நாங்க வந்தது இவங்களுக்குப் பிடிக்கலையா? அதான் மெஷினை நிறுத்திட்டாங்களா? ஸ்டிரைக்கா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம்தான். ஆனால் சொன்னால் என் வாயால் கெட்டது என்று மகளுக்குத் தெரிந்துவிடும். தெருவின் கூலியைக் கெடுத்தவள் நான் என்றும் ஆகிவிடும். நைட்டியில் வேறு நின்றேன். "ஸ்டிரைக்கெல்லாம் இல்லைங்க. கரண்ட் போயிருச்சு" என்றேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கூடத்துக்குள் நான்கு குழல் விளக்குகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பத்து நாற்பதுக்குத் தறிகள் மறுபடி ஓடின. அதற்குள் மகள் அவர்களை அடுத்த தெருவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாடு போடும் முறை வந்திருந்த வீட்டில் கூட்டாஞ்சோறும் அப்பளமும் செய்திருந்தார்கள். சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். மூன்று மணிவரை இருப்பதாகச் சொன்னவர்கள் ஒன்றரைக்கே கிளம்பிவிட்டார்கள். வேன் ராஜபாளையம் சாலைக்குத் திரும்பும் முன்பு அந்த அம்மாள் ஜன்னல் வழியாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கே இருக்கிறவங்களுக்கு விருப்பமில்லாத இடத்துக்கு நாங்க ஆள் அனுப்பறதில்லைம்மா. உன்மேல தப்பு இல்லை. யோசிச்சுச் சொல்றோம்" என்றாராம்.

மகள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைத்துக் கொடுத்தேன். திரும்பவில்லை.

"எம்மா."

"என்னட்டி?"

"யாரு நிப்பாட்டச் சொல்லிருப்பா? அண்ணாச்சிகிட்ட கேட்டா சிரிக்காரு. ஒங்க வீட்டுலயே கேளுங்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. நெசமாவே அவியளுக்கு நான் செய்யுதது பிடிக்கலயோ?"

"தெரியலயே" என்றேன்.

வகுப்பில் எத்தனை பிள்ளைகளை, உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்று சொல்லி எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். என் மகள் கேட்டபோது 'தெரியலயே' என்றுதான் சொல்ல வந்தது. அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டு வீடு தாண்டித் தறிகளின் சத்தம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் அன்றுதான் அதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அலமாரியின் மேலிருந்த அவளுடைய பயணப் பெட்டி கண்ணில் பட்டது. அவள் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது நடக்கப் போகிறது. என்னால்தான் நடக்கப் போகிறது. அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை, அழுகையும் வரவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் கூலியை விட்டுவிட்டு அவளுக்குக் கொடுத்த அரை மணி நேரம் அவளையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டதா? இதில் யாருக்கு யார் நல்லது செய்தார்கள்?

நான்கு மணிக்கு மேல் வாசலில் ஒரு குரல். "டீச்சர்!" சாதாரணமாகக் கூப்பிட்டாலே நான்கு வீட்டுக்குக் கேட்கும் குரல். அந்தத் தறிக்காரப் பெண் உள்ளே வந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வேலையை விட்டு நேராக வந்திருக்கிறாள்.

"பிள்ள எங்க? அழுதாளாமே?"

"அழலக்கா" என்றபடி மகள் எழுந்து வந்தாள்.

"அழுத மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும். ஏட்டி, ஒனக்காகத்தான நிப்பாட்டுனோம்? டீச்சர் கேட்டு நாங்க எப்படி மாட்டோம்னு சொல்லுவோம்?"

மகள் என்னைப் பார்த்தாள். "நீயாம்மா?"

"நான் நிப்பாட்டச் சொல்லலட்டி. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"டீச்சர் சும்மா சொல்லுதாவளா, நெசமா சொல்லுதாவளான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "கரண்ட் போச்சுன்னு அவியகிட்ட சொன்னதும் நீதானா?"

நான் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, அத விடு" என்று தறிக்காரப் பெண் எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். "நான் வந்தது வேற. பத்து மணிக்குக் கூட்டியாறியே, அந்நேரம் எவளுக்குத் தலைய நிமித்த முடியும்? பாவு நூல் அறுந்தா முடியணும், தாருல நூல் தீந்தா மாத்தணும். பதினொன்னேகாலுக்கு எங்களுக்கு டீயும் வடையும் வரும். அன்னாடம் அந்நேரம் எங்க கூடத்துத் தறி நிக்கும், எவ கூலியும் போவாது. பத்தேமுக்காலுக்குக் கூட்டியா. அரை மணி நேரம் ஓட்டுதோம், காதப் பொத்திக்கிட்டு நின்னு பாக்கட்டும். டீ வந்த பொறவு நீ பேசு. நாங்களும் பேசுதோம்."

"இத ஏன்க்கா முன்னாலயே சொல்லல?"

"நீ கேக்கலயே. என்ன சமைக்கப் போறியன்னு கேட்ட. எந்த வீட்டு முறன்னு கேட்ட. எப்பம் வரட்டும்னு கேட்டியா?"

மகள் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "இனி எங்க வரப் போறாவ? ஒங்களுக்குப் பிடிக்கல, அதான் தறிய நிப்பாட்டிட்டியன்னு நெனச்சுட்டுப் போயிட்டாவ" என்றாள்.

"யாருக்குப் பிடிக்கல? எங்களுக்கா?" அவள் குரல் இன்னும் உயர்ந்தது. "கூடத்துக்குப் பின்னால கதவில்லாம ஒண்ணு நிக்கில்லா, அதுக்குக் கதவு போடாம ஒன்ன எவ ஊரவிட்டு விடுவா? அந்தக் கட்ட முடி அம்மாவுக்குப் போனப் போடு. நானே பேசுதேன். எனக்கு மெல்லப் பேச வராது. போனக் காதுல ஒட்டி வைக்காண்டாம், ஒரு முழம் தள்ளியே வச்சுக்கிடச் சொல்லு."